மூன்றாம் அட்டவணையில் மூட்டு இல்லை

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் மூன்றாம் அட்டவணை இருந்தது. வேலை செய்த இடத்தாலேயே வந்தது என்று அரசு ஒப்புக்கொண்ட நோய்களின் பட்டியல் அது, மொத்தம் 29. ஈய நஞ்சு முதலாவது. ஆந்த்ராக்ஸ் 11. சிலிகோசிஸ் 12. பஞ்சாலைத் தூசியால் வரும் பிசினோசிஸ் 19. இரைச்சலால் காது மந்தமாவது 22. இவற்றில் ஒன்றைத் தொழிலாளியிடம் காணும் மருத்துவர், தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. நுரையீரலுக்கு, தோலுக்கு, காதுக்கு, இரத்தத்துக்கு, சிறுநீரகத்துக்குப் பட்டியலில் இடம் இருந்தது. மூட்டுக்கு இல்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களைப் பார்த்த பிறகு இந்த விடுபடல் உறுத்தத் தொடங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில், ரயில் ஜங்ஷன், முந்திரி. தொழில் வட்டாரத்துக்கு அது பீங்கான் ஊர். பக்கத்து நெய்வேலியில் 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. அந்த மண்ணின் அண்மையில்தான் இங்கே செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. செராமிக் தொழில்நுட்பத்தையே பாடமாகச் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் ஊரில் இருக்கிறது. மின்பெட்டியில் செருகும் ஃபியூஸ் கட்டை, கம்பத்து இன்சுலேட்டர், கொலு பொம்மை, அகல் விளக்கு என்று இங்கிருந்து போகாத பீங்கான் சாமான் குறைவு. இந்த ஊர் அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டம் பற்றிய பழைய அரசு நூல்கள் இரண்டும், அதாவது கார்ஸ்டின் 1878இல் எழுதியதும் பிரான்சிஸ் 1906இல் எழுதியதும், இந்தத் தொழிலுக்கு வெகுகாலம் முந்தியவை. ஆகவே தேடலை அங்கே தொடங்கிப் பயனில்லை. கூடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

பாடநூல் கணக்குப்படி பீங்கான் கலவையில் பாதி களிமண், கால்பங்கு குவார்ட்ஸ் மாவு, கால்பங்கு ஃபெல்ஸ்பார். குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. பால் மில் என்ற அரைக்கும் உருளையில் தண்ணீரோடு அரைபடும்வரை அது சாது. அச்சில் வார்த்து எடுத்துக் காயவைத்த பிறகுதான் வினை. காய்ந்த கட்டையில் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். அந்தப் பிசிறை பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, துளைகளுக்குள் விரலை விட்டுத் துழாவி, கடைசியில் வாயால் ஊத வேண்டும். ஊதும்போது வெள்ளையாக ஒரு மூச்சளவு புகை எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் நின்று, கலையும். கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூள் மூக்கிலேயே தங்கிவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள். நான் பார்த்த கூடத்தில் இந்த ஃபினிஷிங் வேலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். முகமூடி என்பது புடவைத் தலைப்பு.

"காலைல எழுந்தா கை மடங்க மாட்டேங்குது தம்பி. வெயில் ஏறினாத்தான் விரல் பிரியுது" என்றார் ஒரு அம்மா, கட்டையைத் தேய்ப்பதை நிறுத்தாமலே. "வாதம்னு சொல்றாங்க. இந்த வேலைல எல்லாருக்கும் கை வலிதான், இதைப் போய் யார்கிட்ட சொல்றது?"

காலையில் மூட்டு விறைத்துப் போய் மணிக்கணக்கில் விடாமல் இருப்பது முடக்குவாதத்தின் அடையாளங்களில் ஒன்று. சரவாங்கி என்றும் சொல்வார்கள். ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யும் கைக்கு வேறு காரணங்களாலும் வலி வரும். அவர் விரலைப் பார்த்து நோய் சொல்வது என் வேலை இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு தாள். தூசியும் மூட்டும் ஒரே தாளில் எழுதப்பட்டிருக்கும் இடம் எங்காவது உண்டா?

இந்தியக் கோப்புகள் நெஞ்சோடு நின்றுவிடுகின்றன. நம் நாட்டில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது கோலார் தங்கவயலில், 1947இல் என்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடநூல் சொல்கிறது. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் என்பதைப் பாடநூல் சொல்லாது. அதே பாடநூலில் செராமிக், மண்பாண்டத் தொழிலில் சிலிகோசிஸ் 15.7 சதவீதம் என்று ஒரு வரி உண்டு. பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்த எண் அது. எக்ஸ்ரே எடுத்தார்கள், நிழல்களை எண்ணினார்கள், முடித்துக்கொண்டார்கள். கையைப் பார்த்ததாக எந்த வரியும் இல்லை.

தாள் கிடைத்தது வேல்ஸில். கார்டிஃப் நகரில், நிலக்கரித் தூசியால் நெஞ்சு கெட்டவர்களுக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் மருத்துவக் குழு ஒன்று இருந்தது. அதில் பணியாற்றிய அந்தோனி காப்லான் 1953இல் 'தோராக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சில தொழிலாளர்களின் எக்ஸ்ரேயில் வழக்கமான தூசி நிழல் இல்லை. நுரையீரலின் ஓரங்களில் வட்ட வட்டமாக, விளிம்பு தெளிந்த முடிச்சுகள் இருந்தன. அந்த முடிச்சுக்காரர்களின் கைகளைப் பார்த்தால் விரல்கள் கோணியிருந்தன; முடக்குவாதம். இன்றும் அந்த நிலைக்குக் காப்லான் நோய்க்கூறு என்றே பெயர். பெல்ஜியத்தில் கொலினே என்ற மருத்துவர் 1950இலேயே சிலிகோசிஸும் மூட்டழற்சியும் சேர்ந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதிவிட்டார் என்பதால், நியாயம் தெரிந்தவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

காப்லானின் கண் கூர்மையானதுதான். ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் அத்தனை எக்ஸ்ரேக்களையும் அத்தனை கைகளையும் கொண்டுவந்து நிறுத்தியது இழப்பீட்டுப் பணம். மனுப் போட்டால் காசு கிடைக்கும் என்ற ஏற்பாடு இருந்ததால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மேசைக்கு முன் வந்தார்கள். தனித்தனி மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்திருந்தால் மூட்டு ஒரு வார்டிலும் நெஞ்சு இன்னொரு வார்டிலும் போயிருக்கும்.

பிறகு ஒரு தடம் பிசகல். ரோண்டா ஃபாக் என்ற சுரங்கப் பள்ளத்தாக்கில் வீடு வீடாகக் கணக்கெடுத்த குழுவில் காப்லானோடு ஆர்ச்சி காக்ரேனும் இருந்தார். சிகிச்சைக்கு ஆதாரம் கேட்கும் மருத்துவ மரபே பின்னாளில் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. சுரங்கத்தில் இறங்கியதாலேயே முடக்குவாதம் கூடுகிறது என்று அந்தப் பள்ளத்தாக்கு ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே மூட்டுநோய்தான் முந்தியது, அது இருக்கும் உடம்பில் தூசி விழுந்தால் நுரையீரல் வேறு விதமாகக் கட்டிக்கொள்கிறது என்ற வாசிப்பு நிலைபெற்றது. பல காலம் யாரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. நிலக்கரித் தூசியில் சிலிக்கா கொஞ்சம்தான் என்பதை நினைவில் வைத்திருந்தால் புரட்டியிருக்கலாம்.

புரட்டியது பின்லாந்தின் ஓய்வூதியப் பேரேடு. கிரானைட் உடைப்பவர்கள் 1,026 பேரை 1940 முதல் 1981 வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 1987இல் வந்தது. முடக்குவாதத்தால் வேலை செய்ய முடியாமல் ஓய்வூதியம் வாங்கியவர்கள் அந்தக் கல்தொழிலாளர்களிடையே எதிர்பார்த்ததைவிட அதிகம். அடுத்தது சுவீடன். அங்கே 1996இல் தொடங்கிய ஈரா ஆய்வில், புதிதாக முடக்குவாதம் கண்ட ஒவ்வொருவரிடமும் வாழ்நாளில் என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். அதே வட்டாரத்தில் நோயில்லாதவர்களிடமும் அதையே கேட்டார்கள். பாறை துளைத்தவர்கள், கல் உடைத்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று 2005இல் தெரிந்தது. 2010இல் இன்னும் குறுகிய விடை கிடைத்தது. சிலிக்காத் தூசி கூட்டுவது எல்லா முடக்குவாதத்தையும் அல்ல. இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புரதம் உள்ள வகையை மட்டுமே. தூசியும் படாத, புகையும் பிடிக்காத ஆணோடு ஒப்பிட்டால், தூசி பட்டுப் புகையும் பிடிப்பவருக்கு அந்த வகை வரும் வாய்ப்பு 7.36 மடங்கு.

நம் ஊர் ஆய்வகச் சீட்டில் 'ஆன்டி சிசிபி' என்று அச்சிட்டு, எதிரே ஒரு எண் போட்டிருப்பார்களே, அந்த எதிர்ப்புரதம்தான் இது. அதன் கோப்பு தனி. அதைப் பின்னோக்கிப் புரட்டினால் முதலில் 1964இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம். நீன்ஹாய்ஸ், மண்டேமா என்ற இருவர் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்களைக் கண்ணாடிச் சில்லில் தடவினார்கள். அதன்மேல் முடக்குவாத நோயாளியின் இரத்தநீரை ஊற்றினார்கள். ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்லின் உட்கருவைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் மின்னின. நோயில்லாதவர் இரத்தநீரில் பெரும்பாலும் மின்னவில்லை. அருமையான சோதனை. ஆனால் எல்லார் கன்னத்துச் செல்லும் அதற்கு ஒத்துவராது. ஒத்துவரும் கன்னத்துக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். எந்த மருத்துவமனை இதைத் தினம் செய்யும்? கிடப்பில் போனது.

1979இல் இன்னொருவர் எலியின் உணவுக்குழாயில் இதேபோன்ற எதிர்ப்புரதத்தைக் கண்டார். 1990களில் பிரான்சின் துலூஸ் நகரத்தில் செர்ரின் குழு இரண்டு தடயங்களும் ஒரே ஆளைத்தான் காட்டுகின்றன என்று நிறுவியது. சிக்கிய புரதம் ஃபிலாக்ரின். அது தோலின் புரதம். மூட்டில் அது கிடையவே கிடையாது. குற்றம் நடந்தது மூட்டில். பிடிபட்ட ஆளோ அந்தப் பக்கமே போனதில்லை!

விடை 1998இல், மறுபடி நெதர்லாந்தில், நைமேகன் நகரில் ஷெல்லகென்ஸ், வான் வென்ரோய் குழுவிடமிருந்து வந்தது. எதிர்ப்புரதம் தேடுவது ஃபிலாக்ரினை அல்ல, அதன்மேல் இருக்கும் ஒரு குறியை. புரதச் சங்கிலியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் சிட்ருலின் இருக்கிறது. சிட்ருலின் புதிய பொருளல்ல. 1914இல் ஜப்பானியர்கள் தர்பூசணிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது. ஆனால் நம் உடம்பு புரதம் கட்டும்போது அதைச் சேர்ப்பதில்லை. கட்டி முடித்த புரதத்தில், பேட் என்ற நொதி ஆர்ஜினினைத் தொட்டு அங்கேயே சிட்ருலினாக மாற்றுகிறது. கூடும் எடை ஒரு டால்டனுக்கும் குறைவு, அதாவது ஒரு ஹைட்ரஜன் அணுவின் அளவுகூட இல்லை. போவது ஒரு நேர்மின்னூட்டம். ரேஷன் கார்டில் பெயரின் ஒரு எழுத்து மாறிவிட்டால் நாற்பது வருடமாகத் தெரிந்த ஆளையே தாலுகா ஆபீசில் யாரென்று கேட்பார்களே, உடம்பின் எதிர்ப்பு அமைப்பும் அந்த ரகம்தான். சிலருக்கு மட்டும் இன்னும் மோசம். எச்எல்ஏ என்னும் அடையாள மரபணுக்களில் குறிப்பிட்ட சில வகையோடு பிறந்தவர்களுக்கு, இந்த எழுத்துப் பிழை ஏறிய துண்டுகளை எடுத்து நீட்டும் பள்ளம் வாகாக அமைந்திருக்கிறது.

குருத்தெலும்பு இங்கேதான் வழக்குக்குள் வருகிறது. அதன் சட்டகம் இரண்டாம் வகைக் கொலாஜன். 1977இல் டிரென்தம், டவுன்ஸ், காங் மூவரும் இந்தக் கொலாஜனை எலிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது எலிகளின் பாதமூட்டுகள் வீங்கின. தோலிலும் எலும்பிலும் உள்ள முதல் வகைக் கொலாஜனால் அப்படி நேரவில்லை. சொந்தக் குருத்தெலும்பையே உடம்பு பகையாக நினைக்க முடியும் என்பதற்கு அன்று கிடைத்த சாட்சி அது. ஆனால் மனித நோயாளிகளில் சாதாரணக் கொலாஜனுக்கு எதிரான எதிர்ப்புரதம் சிலரிடம்தான் இருந்தது, வழக்கு தேங்கியது. 2005இல் பர்க்ஹார்ட்டின் குழு அதே கொலாஜனின் ஒரு துண்டில் ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றிக் காட்டியபோது, நோயாளிகளின் எதிர்ப்புரதங்கள் மாறிய துண்டை இனம்கண்டன. லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் ஹோமோசிட்ருலினாக மாறினால் அதற்கும் தனி எதிர்ப்புரதம் உண்டு என்று 2011இல் லைடன் நகரத்தார் சேர்த்தார்கள். குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் இல்லை, தேய்ந்தால் திரும்ப வளர்வது அரிது. அதன்மேல் இந்த எதிர்ப்புரதங்கள் போய் ஒட்டிக்கொண்டால் சண்டை அங்கேயே நிலைகொள்கிறது.

இப்போது தூசிக் கோப்பையும் இரத்தக் கோப்பையும் பக்கத்தில் வைத்தால் இடையில் ஒரு பக்கம் கிழிந்திருப்பது தெரியும். தூசி நெஞ்சில், நோய் விரலில். நடுவே என்ன நடந்தது?

கிழிந்த பக்கத்தின் ஒரு பாதி குளிர்பெட்டியில் இருந்தது. வட சுவீடனில் உமியோ நகரத்து இரத்த மாதிரி வங்கியில், பிற்காலத்தில் முடக்குவாதம் வந்தவர்கள் அதற்குமுன் கொடுத்திருந்த இரத்தம் உறைந்து கிடந்தது. 2003இல் அதை உருக்கிச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில், பின்னாளில் நோயாளிகளான 79 இரத்தக் கொடையாளர்களின் பழைய மாதிரிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் முடக்குவாத எதிர்ப்புரதங்களில் ஒன்றாவது முன்பே இருந்தது. மூட்டில் முதல் வலி வருவதற்கு நடுமதிப்பாக 4.5 ஆண்டுகளுக்கு முன்பே. அதாவது எதிர்ப்புரதம் பிறக்கும்போது மூட்டு நன்றாக இருந்திருக்கிறது. பிறந்த இடம் வேறு.

அந்த வேறு இடங்களில் நுரையீரல் முதன்மையானது என்று 2006இல் கிளாரெஸ்கோக் தலைமையிலான சுவீடன் குழு வாதிட்டது, புகைபிடிப்பவர்களை வைத்து. சிலிக்காவுக்கும் வழி தெரிகிறது. நுரையீரலைக் கூட்டிப் பெருக்கும் மேக்ரோஃபேஜ் செல் குவார்ட்ஸ் துகளை விழுங்கும், செரிக்க முடியாது, உள்ளே பை கிழிந்து, என்எல்ஆர்பி3 என்ற அபாய மணி அடிக்கும். இது 2008இல் தெளிவானது. சிலிக்கா நுண்துகள் பட்ட செல்களில் பேட் நொதி கிளம்பிப் புரதங்களைச் சிட்ருலின் ஆக்குவதை 2012இல் ஆய்வகத்தில் கண்டார்கள். செத்த செல்லிலிருந்து துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் இது ஓயாது.

இவ்வளவு பொருத்தமாக வந்துகொண்டிருந்தபோது ஒரு முட்டுக்கட்டை. அதுவும் பீங்கான் ஊரிலிருந்தே. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் மண்பாண்டம், மணற்கல், சூளைச்செங்கல் தொழில்களில் இருந்த 8,325 பேரின் பதிவுகளைப் புரட்டி டர்னர், செர்ரி இருவரும் 2000இல் எழுதிய கட்டுரை. முடக்குவாதம் பதிவானவர்கள் 58 பேர். தூசி கூடினால் நோய் கூடவில்லை. கணக்கு எதிர்த்திசையில்கூடச் சாய்ந்தது. விருத்தாசலத்தைப் பற்றி எழுதுகிறவன் மறைத்துவிட்டுப் போகக் கூடாத தாள் இது. உலகத்திலேயே நமக்கு மிக நெருக்கமான ஒப்பீடு அதுதான். அது சிலிக்காவை விடுதலை செய்கிறது.

நான் அதை இப்படி வாசிக்கிறேன். அந்த ஆய்வில் 58 பேரையும் ஒரே நோயாகக் கணக்கிட்டார்கள். சிலிக்கா கூட்டுவது சிட்ருலின் எதிர்ப்புரதம் உள்ள வகையைத்தான் என்ற சுவீடன் விடை வர இன்னும் பத்து ஆண்டு இருந்தது. இரண்டாவது, களிமண்ணே ஒரு கவசமாக இருக்கலாம். சீனத்தில் மண்பாண்டக் கூடங்களிலும் தகர, டங்ஸ்டன் சுரங்கங்களிலும் எடுத்த தூசியை ஒப்பிட்டபோது, மண்பாண்டத் தூசியில்தான் அதிகமான சிலிக்கா துகள்கள்மேல் அலுமினோசிலிகேட் படிந்து மூடியிருந்தது. மூடிய துகள் அவ்வளவு கடுமையாகக் கடிக்காது. அப்படியென்றால் கூடத்துக்குள்ளேயே எல்லாத் தூசியும் ஒரே தூசி அல்ல. மூட்டை மூட்டையாக வரும் குவார்ட்ஸ் மாவைப் பிரித்துக் கொட்டுகிறவர் சுவாசிப்பது உடைந்த புதுப் படிகம். ஃபினிஷிங்கில் இருப்பவர் சுவாசிப்பது களிமண்ணோடு கலந்து காய்ந்தது. இரண்டையும் 'செராமிக் தொழிலாளி' என்ற ஒரே தலைப்பில் போட்டால் எந்தக் கணக்கும் மங்கும்.

இன்னொரு மங்கலும் உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. தடம் தந்த கோப்புகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். வேல்ஸ் சுரங்கத்தார், பின்லாந்தின் கல்தச்சர்கள், சுவீடனில் பாறை துளைத்தவர்கள். எல்லாரும் ஆண்கள். சுவீடன் ஆய்வில் பெண்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் சிலிக்காக் கணக்கில் ஆண்களை மட்டுமே எடுத்தார்கள், அந்த ஊரில் கல்தூசியில் வேலை செய்யும் பெண்கள் அரிது. மலேசியாவில் இதே முறையில் நடந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். மலாய், சீன, இந்திய வம்சாவளியினர் மூவரும் அதில் உண்டு. இந்தியர் என்றால் அங்கே பெரும்பாலும் தமிழர். சிலிக்காவுக்கும் எதிர்ப்புரதம் உள்ள முடக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டு என்று அது 2014இல் சொன்னது. அதுவும் ஆண்களை வைத்துத்தான். பெண்களுக்கு 2016இல் தனியாக ஒரு கட்டுரை வந்தது, துணித் தொழிற்கூடத் தூசி பற்றி. அங்கும் ஆபத்து கூடுதல். முடக்குவாதமோ ஆணைவிடப் பெண்ணை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கும் நோய். சிலிக்காத் தூசியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஊர் உலகத்தில் குறைவு. அப்படிப்பட்ட ஊர் ஒன்று விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே ரயில் ஜங்ஷனோடு இருக்கிறது.

விருத்தாசலத்தில் மனு எழுதும் பழக்கத்துக்குக் குறைவில்லை. பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். குறையைக் காகிதத்தில் எழுதி, மடித்து, முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். நினைத்தது நடந்துவிட்டால் ராஜினாமா செய்து பிராதைத் திரும்பப் பெற வேண்டும். கடன், களவு, கல்யாணம், பிள்ளை, உடம்பு எதையும் எழுதலாம். அங்கே மூன்றாம் அட்டவணை கிடையாது.

அரசுப் பக்கம் கதவு சுருங்கிக்கொண்டுதான் போகிறது. 1948 சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தி 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்று இருந்தது. 2020இல் நிறைவேறி 2025இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக உயர்த்தியது. மின்சாரம் இல்லையென்றால் 40. பத்துப் பதினைந்து பேரை வைத்து நடக்கும் கூடம் தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே போய்விட்டது.  மூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இந்த வட்டாரத்து நோயாளிகளின் காகிதம் இன்னொரு இடத்தில் சேர்கிறது: புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை. அங்கே முடக்குவாதம் பார்க்கும் மருத்துவ நோயெதிர்ப்பியல் துறையே இருக்கிறது. அங்கிருந்து வரும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் தலைப்பிலேயே 'தென்னிந்தியத் தமிழர்' என்று இருக்கும். எந்த மரபணு நம்மவர்களிடம் நோயைக் கூட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறார்கள். எதிர்ப்புரதச் சோதனை அங்கே அன்றாட வேலை. கேள்வியில் பாதிக்கு, அதாவது இரத்தத்துக்கு, இங்கேயே பதில் எழுதப்படுகிறது.

மீதிப் பாதிக்கு இடம் ஏற்கெனவே உண்டு. நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெயர், வயது, ஊருக்குக் கீழே 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பெரும்பாலும் எழுதப்படுவது இரண்டில் ஒன்று: ஆணாக இருந்தால் கூலி, பெண்ணாக இருந்தால் இல்லத்தரசி. கட்டை தேய்த்த இருபது வருடமும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடும். சுவீடன்காரர்கள் செய்ததெல்லாம் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கியதுதான். விருத்தாசலம் தாலுகாவிலிருந்து வீங்கிய விரலோடு வருகிறவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. பீங்கான் கூடத்தில் இருந்ததுண்டா, எத்தனை வருடம்? குவார்ட்ஸ் மூட்டை பிரித்த இடமா, பால் மில்லா, ஃபினிஷிங்கா, சூளையா? உலர்ந்த தரையைக் கூட்டினது யார்? வீட்டில் பீடிப் புகை உண்டா? காலையில் விரல் பிரிய எவ்வளவு நேரமாகும், அது கூடத்துக்குப் போவதற்கு முன்பே இருந்ததா? ஐந்து நிமிடம் ஆகும். எதிரே ஆன்டி சிசிபி எண்ணை எழுதிவிட்டால் தாள் நிறைந்துவிடும்.